மைனஸ் தெரியாத டப்பா

பெங்களூரு
6 ஜூலை 2025

குழலி,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். கிழிக்காமல் இருந்தால் இரண்டு பக்கம் பொறுத்துக்கொள். போன் செய்ய வழியில்லை, என் நம்பரை நீ பிளாக் செய்து பதினாலு மாசம் ஆகிறது. மெயில் போட்டால் அது கடை மெயில், உன் அப்பாதான் முதலில் திறப்பார். அதனால் பேனா. காலேஜ் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை, விரல் இப்போதே வலிக்கிறது.

இங்கே எனக்கு என்ன வேலை என்று சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும். யார் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் டிரைவர்களின் கோட் வரிகளைத் திருத்துகிறேன். மேலே ஓடுகிற புரோகிராமுக்கும் கீழே இருக்கிற காந்தம், மோட்டார், கம்பிகளுக்கும் நடுவில் நின்று சேதி கொண்டுபோகிற சின்னச் சின்ன புரோகிராம்கள். உன் தறி மேல் டிசைன் ஓட்டுகிற பெட்டிக்கு நான் எழுதிக் கொடுத்தேனே, அதே ஜாதி. கீழே ஏதாவது கெட்டுப்போனால் அது மேலே வந்து சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை. காரணம், வந்த சேதியைத் தப்பான வகை டப்பாவில் வாங்கி வைத்திருக்கிறார்கள். டப்பாவின் வகையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஃபைல் முடித்தால் அடுத்தது. நானூறு ஃபைல். மூன்று மாதமாக இதையே செய்துகொண்டிருக்கிறேன். கண் மூடினாலும் அதே வரிகள்தான் தெரிகின்றன.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஃபைலைத் திறந்தேன். முகம் தெரியாத எவனோ எழுதியது. நான் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தான், தப்பு உட்பட. ரூமுக்கு வந்து பழைய லேப்டாப்பில் நம் பெட்டியின் கோட் வரிகளை எடுத்துப் பார்த்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சத்யராஜ் அண்ணன் நெய்த மூன்று புடவையிலும் அன்ன டிசைனின் கழுத்து வெட்டுப்பட்டதே, அது அவர் செய்த தப்பு இல்லை. பெட்டி செய்தது. அந்தப் பெட்டியை எழுதியது நான்.

இதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

கிரேஸ்


காஞ்சிபுரம்
11 ஜூலை 2025

கிரேஸ்,

கிழிக்கவில்லை. அப்பா கையில்தான் முதலில் கிடைத்தது. "யாரும்மா இந்தக் காலத்துல லெட்டர் போடறது? கோர்ட்டு நோட்டீஸா?" என்று பயந்துவிட்டார். உன் பெயரைச் சொன்னதும் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன். மூன்றாவது புடவையும் வீணானபோது உன்னை வரச் சொன்னது நான்தான். சத்யராஜ் என்ன சொன்னான்? "என் கை சரியாத்தாம்மா போச்சு, பெட்டி வரி மாத்தல" என்றான். நான் அதை நம்ப மறுக்கவில்லையே! அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்தாய், லேப்டாப்பைச் சொருகினாய், அரை மணி நேரம் பார்த்தாய். ஆறு தறிக்காரர்களும் நிற்க, நீயே சொன்னாய்: "எல்லா வரியும் ஒழுங்கா போயிருக்குது. மெஷின்ல தப்பு எதுவும் இல்ல." திரையில் வரி நம்பர் வரிசையாக ஏறியிருந்தது, விளக்கு பச்சையாகவே எரிந்தது. அதற்கு அப்புறம் நான் யாரை நம்பியிருக்க வேண்டும்? ஒரே வரிக்கு இரண்டு தடவை ஊடை நூல் விட்டிருக்கிறான், தூங்கிவிட்டான் என்றுதானே எவளும் நினைப்பாள்?

இப்போது பதினாலு மாசம் கழித்து பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு "பெட்டிதான்" என்கிறாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இங்கே ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்பது புடவை ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஐந்து தறிதான் ஓடுகிறது. மூன்றாம் தறி அவன் எழுந்துபோன நாளோடு நின்றது. யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள், ராசி இல்லையாம். உன் பெட்டி அதன் மேல் துணி மூடிக் கிடக்கிறது. மற்ற ஐந்துக்கும் டிசைன் துளை போட்ட பழைய அட்டைதான், அட்டை கிழிந்தால் கோணி ஊசியால் தைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

இன்னொன்று. நான் அவனைப் போகச் சொல்லவில்லை. அவனாகத்தான் போனான். சுங்குவார்சத்திரம் பக்கம் ஏதோ கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் யூனிபார்ம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்வி. நன்றாகத்தான் இருப்பான். விடு.

ஏலவார்குழலி


பெங்களூரு
14 ஜூலை 2025

குழலி,

முழுப் பெயரில் கையெழுத்து. சரி, அவ்வளவு தூரம் தள்ளி நில்.

நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. "மெஷின்ல தப்பு எதுவும் இல்ல" என்று சொன்னது நான்தான். அன்று நான் உன்னோடு சண்டை போட்டது வேறு விஷயத்துக்கு. ஞாபகம் இருக்கிறதா? நான் லேப்டாப்பை மூடினதும் நீ அத்தனை பேர் முன்னால் சொன்னாய்: "இவங்க ஊர் ஆளுங்களுக்கு தறியில உக்கார பொறுமை வராதுன்னு அப்பா அப்பவே சொன்னாரு." இவங்க ஊர் என்றால் மாகறல் கிராமம் முழுக்க இல்லை, மாகறலில் எந்தத் தெரு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே தெருதான் என்னுடையதும். ஸ்கூலில் நாலு வருஷம் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அந்த வார்த்தைக்காகக் கத்தினேன், பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்காகத்தான் கத்தியிருக்கிறேன். அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணா, நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம், இன்னொரு தடவ பாக்கறேன்" என்று சொல்லத் தோன்றவில்லை. என் கோட் தப்பு செய்யாது என்று அவ்வளவு திமிர்.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். நீ டெக்ஸ்டைல் படித்தவள், பயப்படாதே, புரியும்.

ஒரு எண்ணைப் போட்டு வைக்க கம்ப்யூட்டரில் ஒரு டப்பா வேண்டும். எந்த வகை டப்பா என்று எழுதுகிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு வகை பிளஸ், மைனஸ் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். இன்னொரு வகைக்கு மைனஸ் என்றால் என்னவென்றே தெரியாது. நெசவுக்காரர் மிதியை மிதித்ததும் எந்தப் பாவு இழைகளைத் தூக்க வேண்டும் என்கிற அடுத்த வரியை என் டிரைவர் மேலே காந்தங்களுக்கு அனுப்புகிறது. போய்ச் சேர்ந்தால் பூஜ்யம் என்று பதில் வரும். கம்பி ஆடி, சேதி பாதியில் அறுந்தால் மைனஸ் ஐந்து வரும். "பதில் பூஜ்யத்தைவிடக் குறைவா? அப்படியானால் நில், சிவப்பு விளக்கைப் போடு, வரி நம்பரை ஏற்றாதே" என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். அழகாக எழுதியிருக்கிறேன்! ஆனால் அந்தப் பதிலை வாங்கி வைத்தது மைனஸ் தெரியாத டப்பா. மைனஸ் ஐந்து அதற்குள் விழுந்ததும் நானூற்று இருபத்தொன்பது கோடிக்கு மேல் ஏதோ ஒரு எண்ணாகிவிடும். அது பூஜ்யத்தைவிடக் குறைவா? எந்த ஜென்மத்திலும் இல்லை. அதனால் டிரைவர் "எல்லாம் சரி" என்று நினைத்துக்கொண்டு பச்சை விளக்கிலேயே வரி நம்பரை ஏற்றிவிட்டது. காந்தங்கள் பழைய வரியைத் தூக்கியபடியே நின்றன. அவர் ஒழுங்காக ஊடை விட்டார். துணியில் ஒரு வரி இரட்டித்து, அடுத்த வரி காணாமல் போனது. அன்று நான் அரை மணி நேரம் பார்த்த கணக்கும் அதே டிரைவர் எழுதி வைத்ததுதான். திருடனிடமே சாட்சி கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோட் வரிகளை மெஷின் மொழிக்கு மாற்றுகிறபோது "இந்த ஒப்பீடு எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும்" என்று எச்சரிக்கை வரும். எனக்கு வந்திருக்காது. எச்சரிக்கைகள் நிறைய வருகின்றன, தொல்லை என்று நானே அணைத்து வைத்திருந்தேன்.

திருத்தம் ஒரே ஒரு சொல். மைனஸ் வேண்டாம் என்று சொல்கிற "அன்சைன்ட்" அங்கே இருந்தது, அதை எடுத்துவிட்டேன். இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். பெட்டியின் பக்கவாட்டில் சொருகி, ஸ்விட்சைப் போட்டு இரண்டு நிமிஷம் விடு. அப்புறம் மிதியை மிதித்துப் பார். நான் சொல்வது உண்மையானால், பழைய நாளில் கழுத்து வெட்டுப்பட்டது போன்ற நேரத்தில் இப்போது சிவப்பு விளக்கு எரியும். என்னை நம்ப வேண்டாம். விளக்கைப் பார்.

கிரேஸ்


காஞ்சிபுரம்
25 ஜூலை 2025

கிரேஸ்,

பார்த்தேன். நேற்று முழுக்க அதுதான் வேலை.

நேற்று ஆடி அமாவாசை, தறிக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். அப்பாவும் தர்ப்பணம் கொடுக்க சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய்விட்டார். கேள்வி கேட்க ஆள் இல்லாத நாளாகப் பார்த்து, துணியை எடுத்து, தூசி தட்டி, நீ சொன்னபடியே பென்டிரைவைச் சொருகினேன். ஊடை விடாமல் மிதியை மட்டும் மிதித்தேன். அறுநூறு வரி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் அறுநூறு. முழங்கால் கழன்றுவிட்டது, இன்றைக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. உன் விளக்கு பச்சை, பச்சை, பச்சை. ஒரே ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. காந்தங்களும் வரிக்கு வரி ஒழுங்காகத் தூக்கின, கண்ணாலேயே பார்த்தேன்.

என்ன நினைக்கச் சொல்கிறாய்? டப்பா, மைனஸ், கோடி என்று எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாய்! படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, தெரியுமா? ஒரு மனுஷனை அநியாயமாக அனுப்பிவிட்டேனோ என்று. இப்போது பார்த்தால் பெட்டி குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறது.

உன் ஊர்க்காரனைக் காப்பாற்றத்தான் இந்தக் கதை என்றால் நேராகக் கேட்டிருக்கலாம். "குழலி, அவரை மறுபடியும் சேர்த்துக்கோ" என்று ஒரு வரி போட்டிருந்தால் முடியாது என்று ஒரு வரியில் எழுதியிருப்பேன். இவ்வளவு நீட்டி முழக்கியிருக்க வேண்டாம். எனக்கு அலுத்துவிட்டது. பென்டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன்.

குழலி


பெங்களூரு
28 ஜூலை 2025

குழலி,

பென்டிரைவை அனுப்பாதே! இன்னும் அனுப்பியிருக்காவிட்டால் அப்படியே வை.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் கையை வைத்துக்கொண்டேன். கோபத்தால் இல்லை. அமாவாசையில் பார்த்தேன் என்கிறாயே, நானும் அப்படித்தானே பார்த்தேன்!

யோசித்துப் பார். பெட்டியை மாட்டிய அந்தத் தை மாசம் முதல் தடவை நான் சோதனை செய்தது எப்போது? தை அமாவாசை. இரண்டாவது தடவை? அதற்கு அடுத்த அமாவாசை. மற்ற நாளில் வந்தால் உன் அப்பா விடமாட்டார். "ஓடற தறியில கை வைக்காத கிரேஸ், அமாவாசைக்கு வா, எல்லாம் சும்மாதான் இருக்கும்" என்பார். நானும் அதுவே வசதி என்று வந்தேன். மற்ற ஐந்து தறியும் சும்மா இருக்கும். கூடம் கோயில் மாதிரி அமைதியாக இருக்கும். நான் ஒருத்தி மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எல்லாம் பச்சை.

ஆறு தறியின் டிசைன் பெட்டியும் மேலே ஒரே இரும்புச் சட்டத்தில்தானே உட்கார்ந்திருக்கின்றன? வேலை நாளில் அட்டை ஓடுகிற ஐந்து பெட்டிகளும் தடதடவென்று அடிக்கிறபோது அந்தச் சட்டம் எப்படி அதிரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தத்துக்குப் போகிற கம்பி அந்த அதிர்வில்தான் ஒரு கணம் விட்டுப் பிடித்திருக்கும். அமாவாசையில் கம்பி எதற்கு ஆடப் போகிறது? சேதி அறுந்தால்தானே மைனஸ் ஐந்து வரும், வந்தால்தானே என் டப்பாவின் லட்சணம் தெரியும்? கோளாறு வராத நாளாகப் பார்த்துத்தான் கோளாறு இருக்கிறதா என்று சோதித்திருக்கிறோம், நானும் நீயும்.

தயவுசெய்து ஒரு வேலை நாளில், ஐந்து தறியும் ஓடுகிறபோது, மூன்றாம் தறியில் உட்கார். யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும். அதற்கும் பச்சைதான் என்றால் இனி எழுத மாட்டேன், உன் கல்யாணத்துக்குக்கூட வாழ்த்து அனுப்ப மாட்டேன்.

கிரேஸ்


காஞ்சிபுரம்
4 ஆகஸ்ட் 2025

கிரேஸ்,

வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். பத்தே கால் மணிக்கு முதல் சிவப்பு.

பக்கத்துத் தறி குப்புசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னாமா, தறிக்கு சிக்னல் போட்டுட்டீங்களா? போலீசு ஒண்ணுதான் பாக்கி" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேலே பார்த்தேன். காந்தங்கள் பழைய வரியையே பிடித்துக்கொண்டு நின்றன. வரி நம்பர் ஏறவில்லை. மறுபடி மிதித்தேன், பச்சை வந்தது, அடுத்த வரி தூக்கியது. சாயங்காலத்துக்குள் பதினோரு சிவப்பு. ஏழாவது சிவப்பிலேயே கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. குப்புசாமி அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வந்து என் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்த ஆளு நெஜத்ததான் சொல்லிக்கினு இருந்திருக்கறாரு" என்றார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

போதுமா? நீ சொன்னதுதான் சரி. எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

நீ அன்று கிளம்பிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன். நான் அந்தப் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, அவனைக் கிட்டே வரச் சொல்லி, வெட்டு விழுந்த இடத்தில் அவன் விரலையே வைத்துக் காட்டினேன். "பாரு. மெஷினு பொய் சொல்லுமா?" என்று கேட்டேன். அதுவரைக்கும் "நான் இல்லம்மா, நான் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாக, "நான்தாம்மா. எனக்கே தெரியாம பண்ணிட்டன் போல இருக்குது" என்றான். அப்பாடா, ஒத்துக்கொண்டானே என்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? செய்யாத தப்பை ஒருத்தன் ஒத்துக்கொண்டதில் நிம்மதி! மறுநாள் வரவில்லை. நானும் ஆள் அனுப்பவில்லை.

கிரேஸ், இதை நீ போய்ச் சொல். அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறாய். உன் தெரு. உன்னை உட்கார வைத்துப் பேசுவார்கள். நான் எந்த முகத்தோடு போய் அந்த வாசலில் நிற்பது? அன்று நான் சொன்ன வார்த்தை அந்தத் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். உன்னிடமும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்த வார்த்தைக்கு. தப்புதான் அது. அப்பா சொன்னார் என்று அவர் தலையில் போட்டேன். அவர் எப்போதோ வீட்டுக்குள் முணுமுணுத்ததைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டது நான்தான். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உன் நம்பரை எடுத்துவிட்டேன், பிளாக்கிலிருந்து. ஆனால் கூப்பிடாதே. பேசினால் அழுதுவிடுவேன்.

குழலி


பெங்களூரு
8 ஆகஸ்ட் 2025

குழலி,

கூப்பிடவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

நான் போகமாட்டேன். லீவ் இல்லை என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். லீவ் இருக்கிறது. தைரியம் இல்லை. நேற்று தீபிகா அண்ணிக்கு, அவர் மனைவிக்கு, போன் போட்டேன். "கிரேஸா? நல்லா இருக்கறியாமா? உங்க அண்ணன் டூட்டியில இருக்கறாரு" என்று சொன்னதும் சும்மா விசாரித்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் வாஷ்பேசின் முன்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் போகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது சால்ஜாப்பு இல்லை. நான் சொன்னால் ஊர்ப் பெண் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று ஆகிவிடும். நீயே அப்படித்தானே நினைத்தாய்? தப்பு அவருடையது என்று ஐந்து பேர் முன்னால் விரலைப் பிடித்துக் காட்டியது நீ. இல்லை என்று சொல்லவும் நீதான் போக வேண்டும். அந்த ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல். திரும்ப வா என்று கூப்பிடுவதெல்லாம் அப்புறம். கூப்பிடுவதற்காகப் போனாய் என்று ஆகிவிடக் கூடாது.

அவருக்கு நான் எழுதியது இதோடு இருக்கிறது. நாலு தடவை நீளமாக எழுதிக் கிழித்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான், நீயும் படிக்கலாம்:

"அண்ணா, பெட்டி வரி மாற்றவில்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. அதை எழுதினது நான், தப்பாக எழுதினேன். பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொன்னதும் நான், அதையும் தப்பாகச் சொன்னேன். உங்கள் கையில் தப்பு இல்லை. கிரேஸ்."

இன்றைக்கு முன்னூற்றுப் பத்தாவது ஃபைல். தொண்ணூறு பாக்கி. ஒவ்வொரு டப்பாவாக மாற்றும்போதும் இதனால் எங்கே எவர் திட்டு வாங்கினாரோ என்று தோன்றுகிறது. வேலை மெதுவாகத்தான் நகர்கிறது, மேனேஜர் கேட்கிறார்.

போ குழலி.

கிரேஸ்


காஞ்சிபுரம்
16 ஆகஸ்ட் 2025

கிரேஸ்,

நேற்று போனேன். சுதந்திர தினம், தறிக்கு லீவு. செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறேன், குப்புசாமி அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். "நானும் வரேம்மா. அவர திட்டின அன்னிக்கு நானுந்தான் சிரிச்சேன்" என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம்.

வீட்டில் அவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் தீபிகா ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள், பின்னால் யூனிபார்மோடு அவர். டூட்டி முடிந்து கூட்டி வருகிறாள். என்னைப் பார்த்ததும் இறங்கி, "வாங்கம்மா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். பதினோரு சிவப்பு, அமாவாசை, டப்பா, எல்லாம். "உன் மேல தப்பே இல்ல, நான்தான் அநியாயமா பேசினேன், அந்த வார்த்தையும் பேசியிருக்கக் கூடாது" என்றேன். குப்புசாமி அண்ணன், "ஆமாப்பா, நாங்க எல்லாருமே பாத்தோம்" என்றார். உன் காகிதத்தைக் கொடுத்தேன்.

அவர் அதை மூன்று தடவை படித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து என்ன கேட்டார் தெரியுமா?

"அப்ப எனக்கு தலையில ஒண்ணும் இல்லையாம்மா?"

எனக்குப் புரியவில்லை. தீபிகாதான் சொன்னாள். "கிரேசே பாத்துட்டு மெசின் சரின்னு சொல்லிச்சு, அது பொய் சொல்லாது, அப்ப எனக்கே தெரியாம நெனவு தப்புதுன்னு சொல்லிக்கினே இருந்தாரும்மா. ஆஸ்பத்திரில தலைய ஸ்கேன் எடுத்து ஒண்ணும் இல்லன்னாங்க. இவரு நம்பல. கண்டுபிடிக்க முடியாத வியாதின்னாரு. அன்னியிலிருந்து வண்டி தொடறதில்ல, நான்தான் கொண்டுபோய் விட்டு கூட்டியாரேன். கெணத்தாண்ட போறதில்ல. வேற தறிக்கு ரெண்டு பேரு கூப்ட்டாங்க, போகல."

பக்கத்து வீட்டில் விட்டிருந்த குழந்தை அழுதது. அவர்களுக்குப் பத்து மாசத்தில் பெண் குழந்தை இருப்பதே எனக்குத் தெரியாது. தீபிகா போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்ததும் அது அவரிடம் தாவியது. உடனே அவர் தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கையை நீட்டினார். பழக்கம் போலிருக்கிறது. "நின்னுக்கினு தூக்கினதே இல்லம்மா," என்றாள் தீபிகா. "நெனவு தப்பி கீழ போட்டுடுவேன்னு பயம். பொறந்ததிலேருந்து ஒக்காந்துதான் வாங்குவாரு."

நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். தீபிகாவிடமிருந்து குழந்தையை வாங்கினார். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். குழந்தைக்கு அந்த உயரம் புதிது, அப்பா தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தீபிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குப்புசாமி அண்ணன் வெளியே போய் நின்றார்.

தறிக்கு வா என்று நான் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பியபோதும் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார்.

குழலி